மேடை ஏறாத பூ

பூ தலை தொங்கிக் கிடந்தது.

நேற்று மாலைவரை விறைப்பாக நின்ற இதழ்கள், நனைந்த காகிதம்போல ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

பூங்கா அதிகாரி குளிரறைக் கதவை மூடக்கூட மறந்து நின்றார். செடியைப் பார்த்துக்கொள்ளும் தோட்டக்காரப் பெண் போய் மூடிவிட்டு வந்தாள். வெக்கை உள்ளே வரக் கூடாது.

"என்னம்மா பண்ணி வெச்ச? இன்னும் ஒரு மணி நேரத்துல மந்திரி வந்துருவாரு. அவரு பக்கத்துல எதை வெச்சு போட்டோ எடுக்கறது, கத்திரிக்காயையா?"

மேடைக்கு விளக்கு மாட்டிவிட்டு வந்திருந்த எலக்ட்ரீஷியன் சிரிப்பை விழுங்கினார். அவர் சட்டை வியர்வையில் ஊறியிருந்தது.

மூடுபனிக்குள் மட்டுமே வளரும் மலை ஆர்க்கிட் அது. அந்த மலைச்சரிவைக் கல்குவாரி தின்று தீர்த்தபிறகு மிஞ்சியது இந்த ஒரு செடிதான். ஆறு வருஷம் போக்குக் காட்டிவிட்டு இந்த வாரம்தான் முதல் பூ விட்டது. உடனே, தொட்டியோடு விழா மேடைக்குத் தூக்கிவரச் சொல்லி உத்தரவு.

அந்தச் சூட்டில் செடி வெந்துபோகும் என்று அவள் இரண்டுமுறை சொன்னாள். தரையைப் பார்த்தபடிதான் சொன்னாள்.

"ஃபேன் போட்டுக்கலாம்மா" என்று அதிகாரி முடித்துவிட்டார்.

இப்போது அவர் கையை நீட்டினார். "சாவியக் குடு. இனிமே இங்க உனக்கு வேலை இல்ல. போயி ரோஜாவுக்குத் தண்ணி ஊத்து."

அவள் விரல்கள் சாவியை இறுக்கிக்கொண்டன.

"தரமாட்டேன் சார்."

மூன்று பேருமே திடுக்கிட்டார்கள், அவள் உட்பட.

"அட, பேசுது!" என்றார் எலக்ட்ரீஷியன்.

வெளியே கார்கள் வரும் சத்தம் கேட்டது. அதிகாரி பல்லைக் கடித்தார். "வெறும் இலையை எவன் பாப்பான்? நீயே கட்டிக்கிட்டு அழு. விழா முடியட்டும், உன்னைப் பாத்துக்கறேன்."

அவர்கள் போனதும் அவள் குனிந்தாள். வாடிய இதழ்களுக்குப் பின்னால் காம்பு லேசாகப் பருக்கத் தொடங்கியிருந்தது.

சும்மா விட்டால் இந்தப் பூ ஒரு மாதம் நிற்கும். மகரந்தம் சேர்ந்தால்தான் ஒரே இரவில் இப்படிச் சுருங்கும். இனி அது காய். முற்றி வெடிக்க ஒன்பது மாதம் ஆகும். உள்ளே தூசியைப் போல ஆயிரக்கணக்கில் விதைகள் இருக்கும்.

கண்ணாடியும் வலையும் போட்ட அறை. கொசுகூட நுழையாது.

நேற்று மாலை எல்லோரும் மேடையைப் பார்க்கப் போயிருந்தபோது, அவள் மட்டும் நுழைந்தாள். கையில் ஒரு பல் குத்தும் குச்சி இருந்தது.