மைனா நடத்திய கூட்டம்

காட்டுத்தீயில் குட்டிகளைப் பறிகொடுத்த முயலும் அணிலும் மனபாரம் இறக்க வாராவாரம் பாறையடியில் கூடின. கூட்டத்தை நடத்தியது மைனா. பேசிப் பேசியே யாரையும் தேற்றிவிடலாம் என்று அது நம்பியது.

முயல் வாயைத் திறந்தால் போதும், "எல்லாம் சரியாயிடும், அழாதே" என்று மைனா முந்திக்கொள்ளும். முயலும் அதோடு அடங்கிவிடும். மூன்றாம் வாரம் முயல் பாதியில் எழுந்தது.

"இனிமே நான் வரலை, அக்கா."

மைனாவுக்குச் சுருக்கென்றது. "உட்காரு. நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் பேசமாட்டேன்" என்றது.

முயல் திரும்ப உட்கார்ந்து காலால் தரையைக் கீறியது. ஆறுதல் சொல்ல மைனாவின் அலகு துடித்தது, கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டது.

"தீ வந்தப்போ குட்டிகளை விட்டுட்டு நான் ஓடிட்டேன்" என்றது முயல் கடைசியில்.

மைனா மெல்ல அணில் பக்கம் திரும்பியது.

"நானுந்தான்" என்றது அணில். "இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை."

முயல் நகர்ந்துபோய் அணிலை ஒட்டி உட்கார்ந்தது. இரண்டும் சேர்ந்து அழுதன. மைனா அழவிட்டது.

கிளம்பும்போது முயல் சொன்னது: "அந்தத் தீயில குட்டிகளைப் பறிகொடுத்த கீரி ஒருத்தனும் தனியாத்தான் கிடக்கான். அடுத்த வாரம் கூட்டிட்டு வரட்டுமா, அக்கா?"

"கூட்டிட்டு வா" என்றது மைனா.