சுவிட்சின் மேல் ஒரு விரல்

"வலது கை தூக்குது, சரி. இடது கை இறங்கணுமே? அதுவும் கூடவே தூக்குதே!"

பிசியோதெரபிஸ்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கவலையோடு குனிந்தார். நோயாளி சாப்பாட்டு மேஜை மேல் அசையாமல் கிடந்தது. ஒன்றரை மீட்டர் இறக்கை, மூக்கில் விசிறி. அவரே ஒட்டிச் செய்த ரிமோட் விமானம்.

"இடது மடிப்போட குட்டி மோட்டாரை ரிவர்ஸ்ல போடுங்க," என்றாள் மனைவி, தட்டுகளைத் துடைத்தபடி.

"தெரியும், தெரியும்." ரிமோட்டில் மாற்றிவிட்டுக் குச்சியை வலப்பக்கம் தள்ளினார். வலது இறக்கையின் மடிப்பு எழுந்தது, இடது மடிப்பு சாதுவாக இறங்கியது.

அடுத்தது மிக்ஸ். தரையிறங்கும்போது இறக்கையின் உள் மடிப்புகளைத் தாழ்த்தினால் வேகம் குறையும். ஆனால் மூக்கு வானத்தைப் பார்க்கும். அதை அடக்க வால் மடிப்பும் தானாகக் கொஞ்சம் தாழும்படி ரிமோட்டிலேயே கலந்து வைக்க வேண்டும்.

"ஆறு சதவீதம் போதும்," என்றார்.

"ஒன்பது வைங்க. போன தடவை மூக்கு எகிறிடுச்சு."

"எகிறினப்போ காப்பாத்தினது யாரு?"

மனைவி துணியைக் கீழே வைத்தாள். "காப்பாத்தி என்னை ஃபெயிலாக்கினது யாரு?"

கிளப்பில் தனியாக விமானம் ஓட்டப் பரீட்சை உண்டு. விமானம், கற்றுக்கொடுத்த கணவரின் ரிமோட் பேச்சை மட்டும்தான் கேட்கும். அவள் ரிமோட் சொல்வதெல்லாம் அதன் வழியாகத்தான் போய்ச் சேரும். அவர் ஒரு சுவிட்சைத் தட்டினால் விமானம் அவர் வசம். தட்டினால் அவள் ஃபெயில். இதுவரை நடந்த இரண்டு பரீட்சையிலும் தரைக்குப் பத்தடி இருக்கும்போது மனுஷர் பதறிப்போய்த் தட்டிவிட்டார்.

இத்தனைக்கும் அவள் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவள்.

"ரெண்டு டன் கம்பியைப் பன்னண்டாவது மாடியில சத்தமில்லாம இறக்கி வைக்கிறேன். அங்க யாரும் என் கையைப் பிடிக்கிறதில்ல," என்றாள். "இன்னிக்கும் சுவிட்சைத் தட்டினீங்க, இனிமே மைதானத்துக்கு நீங்க தனியாத்தான் போகணும்."

குரலில் விளையாட்டு இல்லை. அவர் ஒன்பது சதவீதம் வைத்தார். "சத்தியமா தட்டமாட்டேன்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

குளித்துவிட்டு வந்தால் விமானம், ரிமோட்டுகள், பேட்டரிப் பெட்டி எல்லாம் காரில் ஏறியிருந்தன. வழக்கமாக அது அவர் வேலை. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.

மைதானத்தில் கிளப் செயலாளர் தாளும் பேனாவுமாகக் காத்திருந்தார். முகத்தில் பாதி மீசை என்பதால் எல்லாருக்கும் அவர் 'மீசை'தான். "மடிப்பெல்லாம் சரியா அசையுதான்னு காட்டுங்க."

கணவர் பழக்கத்தில் குச்சியைத் தொடப் போனார்.

"பரீட்சை எனக்கு. இதையும் நானே காட்டுறேன்," என்று அவள் தன் ரிமோட்டால் ஆட்டிக் காட்டினாள். எல்லா மடிப்புகளும் சொன்ன பேச்சைக் கேட்டன.

விமானம் புல்லில் ஓடி எழும்பியது. இரண்டு வட்டம். ஒரு எட்டு. மீசை தலையாட்டித் தலையாட்டி எழுதினார். கணவரின் விரல் சுவிட்சின் மேல் வியர்த்துக்கொண்டிருந்தது.

தரையிறங்க வேண்டிய நேரம். மடிப்புகள் தாழ்ந்தன, மூக்கு எகிறவில்லை. ஒன்பது சரிதான் என்று அவர் நினைத்த நொடியில் பக்கத்திலிருந்து ஒரு காற்று அடித்தது. இடது இறக்கை சடாரென்று சாய்ந்தது.

"ஏம்மா, சாயுது!"

"தெரியுது."

"சாயுதும்மா!"

விரல் அவரைக் கேட்காமலே சுவிட்சைத் தட்டிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குச்சியை வலப்பக்கம் தள்ளி லேசாக இழுத்தார். இறக்கை நிமிர்ந்தது. விமானம் ஒரு துள்ளல்கூட இல்லாமல் புல்லில் உட்கார்ந்தது.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மீசை கண்டது விமானத்தை, விரலை அல்ல. "பாஸ்! இந்தக் காத்துல இப்படி இறக்க எனக்கே கை நடுங்கும்!" என்று கையெழுத்துப் போட்டு அனுமதி அட்டையை நீட்டினார்.

அவள் கண் கலங்கிச் சிரித்தாள். அதைப் பார்த்துவிட்டு அவர் உண்மையைச் சொல்லாமல் விமானத்தைக் காருக்குத் தூக்கிப் போனார்.

திரும்பும் வழியெல்லாம் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். மூன்றாவது சிக்னலில் அவருக்குத் தாங்க முடியவில்லை.

"நான் சத்தியத்தை மீறிட்டேன்மா. சுவிட்சைத் தட்டிட்டேன். கடைசியில இறக்கினது நான்தான். வண்டியைத் திருப்பு, மீசைகிட்ட நானே சொல்லிடறேன்."

அவள் வண்டியை ஓரங்கட்டினாள். திட்டு விழப் போகிறது என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை. கண்ணைத் திறந்தால், அவள் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"நீங்க குளிக்கப் போனப்பவே மிக்ஸையெல்லாம் என் ரிமோட்டுக்குக் காப்பி பண்ணி, பிளேனையும் அதோட மட்டும் இணைச்சுட்டேங்க."

"அப்ப... நான்?"

"நீங்க ஆட்டினது வெறும் குச்சி!"