ஒரு பக்கம் மட்டும்

இழுப்பறையில் ஒன்றுமில்லை.

அவள் அதை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தாள். ஒரு ரப்பர் பேண்ட் கிடந்தது. பாதி காலியான தீப்பெட்டி.

மிக்ஸியின் வாரண்டி கார்டை வைத்திருந்த மஞ்சள் உறை இல்லை.

கூடத்தில் அவள் கணவன் ஸ்கேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் உண்டு. அவனுக்கு விடுமுறை. காலையிலிருந்து வீட்டில் இருந்த பழைய காகிதங்களையெல்லாம் கட்டுக்கட்டாக அதற்குக் கொடுத்திருந்தான். அது தாளை இழுத்துக்கொள்ளும். படிக்கும். யாருடையது, எந்தத் தேதி என்று பார்த்துத் தானே அந்தந்த ஃபோல்டரில் போட்டுவிடும். வெளியே வரும் தாளை ஷ்ரெட்டரில் விட்டால் பொடிப்பொடியாக நறுக்கிவிடும். ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. அவள் செருப்பைக் கழற்றும்போதே இதைச் சொல்லிவிட்டான்.

மிக்ஸி கவர் எங்கே என்று கேட்டாள்.

"அந்த மிக்ஸியே போய்ச் சேர்ந்தாச்சு. இன்னும் கார்டை வெச்சுப் பூஜை பண்ணப் போறியா?"

எல்லாம் போனில் இருக்கிறது, தேடிப் பார் என்றான்.

தேடினாள். வாரண்டி கார்டு வந்தது. கடைப் பெயர், தேதி, கையெழுத்து. உறைக்குள் கார்டுக்கு அடியில் இருந்த தாள் அங்கே இல்லை.

அவள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் உடல்நலம். அதற்குள் ஒரு வரைபடம். ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் கண்ட எடைகளையெல்லாம் சேர்த்து அதுவே வரைந்தது.

ஐம்பத்தெட்டு. அறுபத்திரண்டு. அறுபத்தாறு.

பிறகு கோடு நேராகத் தரைக்கு இறங்கியிருந்தது.

இரண்டு கிலோ நூறு கிராம்.

அந்தப் புள்ளியைத் தொட்டாள். தாள் திறந்தது.

பேபி ஆஃப் தாமரைச்செல்வி. பெண். காலை 6.40.

முப்பதாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தது. பதினோரு நாள்தான் இருந்தாள்.

பெயர் வைக்கும் முன்பு படம் எடுக்கக் கூடாது என்றிருந்தார்கள். யாரும் எடுக்கவில்லை. வாங்கி வைத்திருந்த சட்டைகள், பால் சங்கு, தொட்டில் துணி எல்லாம் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் வீட்டைவிட்டுப் போயிருந்தன. ஒன்றை வைத்திருந்தாலும் அடுத்தது தங்காது என்று மாமியார் சொன்னார்.

அடுத்தது வரவேயில்லை.

அந்த ஒரு தாளை மட்டும் அவள் ரவிக்கைக்குள் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். யாரும் கை வைக்காத இடமாகப் பார்த்து வைத்தாள். வீட்டில் தனியாக இருக்கும் பகல்களில் எடுத்துப் பார்ப்பாள். ஆறு வருஷமாக. அவனுக்கும் தெரியாது.

திரையில் தாளை மேலே தள்ளினாள். அடுத்த பக்கம் வரவில்லை. மறுபடியும் தள்ளினாள்.

"ரெண்டு பக்கமும் எடுத்தீங்களா?"

ஒரு பக்கம் மட்டும் என்றான். இரண்டு பக்கமும் என்றால் நாளைக்கும் உட்கார வேண்டும். பின்பக்கத்தில் என்ன இருக்கப்போகிறது, பொடி எழுத்தில் நிபந்தனைகள்.

அவள் ஷ்ரெட்டரின் கூடையைத் தூக்கித் தரையில் கவிழ்த்தாள்.

அரிசி அரிசியாகக் கொட்டியது.

நர்ஸ் குழந்தையின் பாதத்தில் ஊதா மையைத் தடவி, அந்தத் தாளின் பின்பக்கத்தில் அழுத்தி எடுத்திருந்தாள். அடையாளத்துக்காக. வலது கால்.

ஊதா தெரிந்த துணுக்குகளை அவள் பொறுக்கத் தொடங்கினாள்.

ஊதா நிறையக் கிடைத்தது. வீட்டு வரி ரசீதில் முத்திரை ஊதா. கையெழுத்து வாங்கிய நகல்களில் ஊதா. கேஸ் ஏஜென்சி, தபால் ஆபீஸ், மிக்ஸி விற்ற கடை. எல்லோரும் ஒரே மையைத்தான் தொட்டுக் குத்தியிருந்தார்கள்.

அவன் வந்து நின்றான். என்ன தேடுகிறாய் என்றான்.

போனை அவன் பக்கம் நகர்த்தினாள்.

நின்றவாறே படித்தான். பிறகு தரையில் உட்கார்ந்தான்.

பின்பக்கம் என்ன இருந்தது என்று அவள் சொன்னாள். குரல் உயரவில்லை.

அந்தப் பதினோரு நாளும் அவன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவன். குழந்தைக்கு மார்புவரை துணி சுற்றியிருந்தது. கால்களைப் பார்த்ததில்லை.

அவனும் பொறுக்கினான். ஒரு துணுக்கை உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினான். அவள் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அதில் பாதி எழுத்து இருந்தது. ஏதோ அலுவலகத்தின் பெயர். கீழே வைத்தாள்.

அதன்பின் அவன் எதையும் நீட்டவில்லை.

"எவ்வளவு பெருசு இருந்துச்சு?"

அவள் அவனுடைய வலது கையை எடுத்து விரித்தாள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே சுட்டுவிரலை வைத்தாள். குதிகால் இங்கே. அங்கிருந்து உள்ளங்கையில் மெல்ல இழுத்துக்கொண்டு போனாள். விரல்கள் தொடங்கும் இடத்துக்கு முன்பே நின்றுவிட்டாள். கட்டைவிரல் இங்கே. பக்கத்தில் மூன்று புள்ளிகள், தொட்டுத் தொட்டு.

"சுண்டுவிரல் சரியா விழலைங்க" என்றாள்.

அவன் கையை மடக்காமல் மடிமேல் வைத்துக்கொண்டான்.

அன்று மாலை காபியை இடது கையால் வாங்கிக் குடித்தான்.