பதினான்காம் கேள்வி

டத்தோ கிராமாட் குடியிருப்பில் மதிய வெயில் அமலம்மாளின் வீட்டுத் தரையில் பட்டை பட்டையாக விழுகிறது. மேம்பாட்டு வேலைகளில் நடக்கும் லஞ்சத்தைக் கணக்கெடுக்க வந்திருக்கும் அருந்ததி, பதினான்காம் கேள்விக்கு வந்துவிட்டாள். "தண்ணிக் குழாய்க்கு யாருக்காவது ஏதாவது கொடுத்தீங்களா அக்கா?" "கொடுக்காம வருமா லா? கவர் கொடுத்தோம், ரெண்டு கோழியும் கொடுத்தோம்." பென்சில் 'ஆம்' கட்டத்தைத் தொடுவதற்குள் அமலம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "இல்லைன்னு போடும்மா. என் மகனோட வீட்டு மனு கவர் வாங்கின அதே ஆளு மேசையிலதான் கிடக்கு." "இதுல உங்க பேரே இல்லக்கா." பிடி தளரவில்லை. காலையிலிருந்து இது பதினோராவது வீடு. முந்தைய பத்துத் தாள்களிலும் 'இல்லை'. அருந்ததி பல்லைக் கடித்துக்கொண்டு இதிலும் 'இல்லை' என்றே குறிக்கிறாள். அமலம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்க்கிறாள். "மங்கலா இருக்கு. கொஞ்சம் அழுத்திப் போடும்மா."