ஏழாம் சர்வரில் ஓடுபவை

பழுதுபார்க்குமுன் ஏழாம் சர்வரில் என்னென்ன ஓடுகின்றன என்று பார்க்க, நறுமுகை டெர்மினலில் கட்டளையைத் தட்டினாள். பிள்ளைகள் பேசாத பெற்றோர் வாடகைக்கு எடுக்கும் செயற்கைப் பிள்ளைக்குரல்கள், திரையில் வரிக்கு ஒன்றாக வந்தன.

பதினோராவது வரியில் விரல் நின்றது.

"மகள் நறுமுகை. கேட்பவர் அகிலாண்டம், திருமங்கலம். 412 நாளாக ஓடுகிறது. இப்போது பேசுகிறது."

அம்மா!

அவள் கடைசியாக ஊருக்குப் பேசியது போன வருடப் பொங்கலுக்கு. அம்மாவுக்கே தெரியாமல் யாரோ செய்த வேலை என்று பதறி, செல்பேசியில் அழைத்தாள். நெடுநேரம் கழித்துத்தான் எடுத்தாள் அம்மா.

"அம்மா, நறுமுகை பேசறேன். இவ்வளவு நாளா உங்கிட்டப் பேசறது நான் இல்லம்மா!"

"தெரியுமே," என்றாள் அம்மா. "நீ அப்புறமா கூப்பிடு. எம் மக லைன்ல காத்திருக்கா."