கம்பியின் இழுப்பு

"வெளி இறக்கை நுனியில இன்னும் கொஞ்சம் ஈயம் வை" என்றான் அண்ணன்.

"போதும்ண்ணே. மெதுவாப் பறக்கும்போது சாஞ்சுடும். நம்மகிட்ட வேற விமானமும் கிடையாது."

"கம்பி கையை இழுத்துக்கிட்டே இருக்கணும்டா. தொய்ஞ்சுதுன்னா நான் செத்தேன்."

நேற்றுதான் வெளியூரிலிருந்து வந்திருந்த தம்பி முணுமுணுத்துக்கொண்டே ஈயத்தைச் செருகினான். மைதானத்தில் வைத்திருக்கும் பலகைக் கப்பலின் தளத்தில் இன்று கம்பியில் கட்டிப் பறக்கவிடும் இந்தப் பொம்மை விமானத்தை இறக்காவிட்டால், அண்ணனுக்குப் போட்டிக் குழுவில் இடமில்லை. இதை விட்டால் அவனுக்கு வேறு போக்கிடமும் இல்லை.

"காத்து முகத்துல அடிக்கிற பக்கம்தானே கப்பல்?" என்று மறுபடியும் கேட்டான் அண்ணன்.

"எத்தனை தடவை கேப்ப? பரீட்சைக்குப் போற பையன் தோத்தான் போ."

அண்ணன் நடுவில் நின்று இரண்டு கம்பிகளையும் பிடித்திருக்க, விமானம் அவனைச் சுற்றிப் பறந்தது. கடைசிச் சுற்றில் தாழ்ந்து, அதன் கொக்கி தளத்தின் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைக் கவ்வியது. நடுவர் பச்சைக் கொடியைத் தூக்கினார்.

தம்பி சிரித்தபடி ஓடினான். கப்பலை நேராகப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனின் முகம் வெளிறியிருந்தது.

"தம்பி, விமானம் கப்பல்லயா நிக்குது?"

தம்பியின் சிரிப்பு நின்றது. அண்ணனின் தோளைப் பிடித்து நடுவர் பக்கம் மெல்லத் திருப்பினான்.

"கப்பல்லதாண்ணே. இப்போ கையை நேரா நீட்டு. நடுவர் கை குடுக்க வர்றார்."