மூன்றாவது ஜோடி

"இதுவும் நல்லா இருக்கு" என்றார் அவர்.

இரண்டாவது ஜோடி. முதல் ஜோடிக்கும் இதையேதான் சொன்னார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறேன். அதற்குள் இரண்டு பேர் என் உயிரை வாங்கிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் பதினொரு ஜோடி போட்டுப் பார்த்து, பதினொன்றிலும் குறை கண்டுபிடித்து, கடைசியில் சாக்ஸ் வாங்கிக்கொண்டு போனார். இன்னொருவருக்குச் சுண்டுவிரலில் கடித்தது. கடித்தது நான் கொடுத்த ஷூ இல்லை, அவர் போட்டுக்கொண்டு வந்த பழைய ஷூ.

ஷூ கடைக்காரனுக்கே கால் வலி என்றால் யாரும் நம்புவதில்லை.

இவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் காய்ந்த முகம். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. என்ன வேலை என்று கேட்டேன். "கேடி" என்றார். போலீஸ்காரர்கள் சொல்கிற கேடி இல்லை. கோல்ஃப் ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடக்கிறவர்.

"இருபத்தாறு வருஷமா கேடி. இன்னும் பிடிபடலை" என்று அவரே சிரித்துக்கொண்டார். கூட வந்த மனைவி சிரிக்கவில்லை.

மைதானத்தில் ஒரு சுற்று என்றால் பதினெட்டுக் குழி. ஏற்ற இறக்கத்தோடு எட்டு ஒன்பது கிலோமீட்டர். சில நாள் இரண்டு சுற்று. இத்தனை காலம் கான்வாஸ் ஷூவிலேயே ஓட்டிவிட்டார். போன மாதம் ஈரப் புல்லில் ஒரு கேடி வழுக்கி விழுந்ததிலிருந்து கெடுபிடி. அடியில் பிடிமான முள் வைத்த ஷூ இல்லாமல் திங்கட்கிழமை முதல் உள்ளே விடமாட்டார்களாம். போதாக்குறைக்கு, பை ஏற்றிப்போக பேட்டரி வண்டிகளும் வந்து இறங்கியிருக்கின்றன. நடக்கத் தடுமாறுகிறவனை வீட்டுக்கு அனுப்ப ஒரு சாக்குக் கிடைத்தால் போதும்.

"நான் தடுமாற மாட்டேன்" என்றார், நான் கேட்காமலே.

மூன்றாவது ஜோடியை எடுத்து வந்தேன். போன வருட மாடல், விலை பாதி. தோல் இல்லை, ஆனால் தண்ணீர் புகாது. எடை குறைவு, முன்பக்கம் அகலம். நாள் முழுக்க நடக்கிறவருக்கு இந்த விலையில் இதைவிட நல்லது கிடையாது. விற்பதற்காகச் சொல்லவில்லை, என் அப்பாவுக்கும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

அந்த அம்மா வாங்கிப் பார்த்தார். வளைத்தார், தட்டினார், உள்ளே கைவிட்டுத் தடவினார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்கள். பிறகு அவரே குனிந்து கணவரின் இடது காலில் மாட்டிவிட்டு, லேஸையும் கட்டினார். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் இப்படியா என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு என் வீட்டில் காபி கேட்டாலே முறைப்பு.

அவர் எழுந்து நடந்தார். கண்ணாடி வரைக்கும் போய்த் திரும்பினார்.

"இன்னொரு தடவை போங்க" என்றார் அந்த அம்மா. போனார்.

"கொஞ்சம் வேகமா." வேகமாகவும் போனார். நடுவில், தோளில் இல்லாத பையை ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

"எங்கயும் உறுத்தலையா?"

"மெத்தை மாதிரி இருக்கு. உனக்குச் சந்தேகமே தீராதா? இதையே பில் போடுங்க தம்பி."

இப்படி ஒருவர் தினமும் வந்தால் நான் இன்னும் பத்து வருடம் இந்த வேலையில் தாக்குப்பிடிப்பேன். பில்லைப் போட்டுவிட்டு உள்ளே போய் ஐந்து நிமிடம் உட்காரலாம் என்று இருந்தது.

அவரை உட்காரவைத்து இடது ஷூவைக் கழற்றினேன். உள்ளிருந்து ஏதோ தரையில் விழுந்தது.

உபரி முட்கள். அடியில் இருப்பது தேய்ந்தால் மாற்றிக்கொள்ள, ஆறு பிளாஸ்டிக் முட்களைச் சின்ன உறையில் போட்டு ஒவ்வொரு பெட்டியிலும் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் கோட்டுப் பொத்தான் அளவு இருக்கும், சுற்றிலும் கெட்டியான பற்களோடு. குதிகாலுக்கு அடியில் கிடந்து உறை கிழிந்திருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் கவனக்குறைவுதான் என்று மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது. பெட்டியைத் திறந்ததுமே அந்த உறையை எடுத்து, இருக்கையில் அந்த அம்மாவின் பக்கத்தில் வைத்திருந்தேன்.

"நான்தான் உள்ள வச்சேன் தம்பி" என்றார் அந்த அம்மா. கண் கலங்கியிருந்தது. "சர்க்கரை வந்து ஆறு வருஷமாச்சு. கால்ல உணர்ச்சி இருக்கான்னு ஒரு மாசமா கேக்குறேன். இருக்கு இருக்குன்னே சொல்றாரு."

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. உறையை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். முகம் சுளித்தார். பிறகு சாக்ஸைக் கழற்றிவிட்டு, இடது குதிகாலில் வைத்து அழுத்தினார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அழுத்தினார், இன்னும் பலமாக.

"போதும், விடுங்க" என்று அந்த அம்மா அவர் கையைப் பிடித்தார்.

அவர் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார்.